கல் எடை கழிக்கவில்லை!

கே: எகிப்து மன்னர் துட்டன்காமனின் தங்க முகமூடி எத்தனை சவரன் தேறும்?
(நகைச்சீட்டு கட்டிக் களைத்தவர், மாங்காடு)

ப: எடை 10 கிலோவுக்குச் சற்று மேல். சவரனுக்கு 8 கிராம் என்று வகுத்தால் 1,250-ஐத் தாண்டும். ஆனால் கல் எடை கழிக்கவில்லை! முகமூடியோடு அவரைக் கிடத்திய தங்கச் சவப்பெட்டி தனியாக 110 கிலோ. செய்கூலி, சேதாரம் கேட்டு யாரும் அரண்மனைக்குப் போயிருக்க மாட்டார்கள்.

கே: வைரம் பதித்திருக்கிறார்களா?
(வைரத்தோடு கனவிலிருப்பவர், குன்றத்தூர்)

ப: இல்லை. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த நீல லாபிஸ் லசூலி, செக்கச்சிவந்த சூதுபவளம், டர்க்காய்ஸ் எல்லாம் உண்டு. எகிப்தியர்கள் பார்த்தது நிறத்தை. தலைத்துணியின் நீலப்பட்டைகள் வெறும் கண்ணாடி! கவரிங் போட்டவரைப் பார்த்து இனிச் சிரிக்காதீர்கள்.

கே: தமிழருக்கும் எகிப்துக்கும் அப்போதே உறவு உண்டா?
(பெருமைப்படக் காத்திருப்பவர், மாங்காடு)

ப: துட்டன்காமனைப் பார்க்க நாம் சுமார் ஆயிரத்து முந்நூறு ஆண்டு தாமதம். நொய்யல் கரையில் கொடுமணல்காரர்கள் சூதுபவள மணி கடைந்துகொண்டிருந்த காலத்தில்தான் நம் ஆட்கள் செங்கடல் பக்கம் போனார்கள். அங்கே குசேர் அல் காதிமில் கிடைத்த பானை ஓட்டில், தமிழ் பிராமியில் 'பானை ஒறி', அதாவது உறிப் பானை, என்று எழுதியிருக்கிறது. நம் மிளகுதான் முந்திக்கொண்டது: கி.மு. 1213-இல் இறந்த எகிப்து மன்னர் இரண்டாம் ராமேசஸின் மூக்கில் மிளகு வைத்திருந்தார்கள். ரசம் வைக்கத் தெரியாத ஊர்!

கே: செத்தவருக்குத் தங்கம் வைத்துப் புதைப்பது நம்மிடமும் இருந்ததா?
(எழும்பூர் பஸ்ஸுக்கு நிற்பவர், பூந்தமல்லி)

ப: பஸ் வரட்டும், நேராக எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த பொன் நெற்றிப்பட்டங்கள் அந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவை. மெல்லிய தகடுதான். நம்மவர் சாவிலும் சிக்கனம்.

கே: எங்கள் காமாட்சியம்மன் கோயிலிலும் தங்கம்தானே விசேஷம்?
(எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நிற்பவர், மாங்காடு)

ப: அங்கே விசேஷம் அர்த்தமேரு ஸ்ரீசக்கரம். அது எட்டு மூலிகைகளால் ஆனது, அதனால் அபிஷேகமே கிடையாது. அக்கினி நடுவே ஒற்றைக் காலில் தவம் செய்தவளுக்கு நீங்கள் கொண்டுபோவதும் எலுமிச்சம்பழம்தானே!

கே: 'நகை கடைசிவரை கூட வரும்' என்கிறாள் என் மனைவி. உண்மையா?
(பர்ஸைப் பிடித்தபடி ஒருவர், மாங்காடு)

ப: துட்டன்காமனும் அப்படி நம்பித்தான் நகையும் தாயத்துமாகத் துணிக்குள் சுற்றிக்கொண்டு படுத்தார். 1922-இல் தொல்லியலாளர் ஹோவர்டு கார்ட்டர் கல்லறையைத் திறந்தார். நகைகள் கெய்ரோவுக்குப் போய்விட்டன, மன்னர் மட்டும் கல்லறையில். கேட்டதை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த கல்யாணத்துக்காவது போட்டுக்கொள்ளட்டும்.