சாவிக்கொத்து வைத்தியம்

சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தருக்கு வலிப்பு வந்தால் நம் வைத்தியம் ரெண்டே நிமிஷம். கையில் இரும்புச் சாவிக்கொத்து, கூடவே தீர்ப்பு: "பன்னிக்கறி தின்னுருப்பான்." சாவி கொடுத்தவரும் தீர்ப்பு சொன்னவரும் ஒரே அண்ணாச்சிதான். நெற்றியில் மூணு பட்டை. கையில் மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிப்பிஞ்சு, கழுவாதது.

அண்ணாச்சி, கொஞ்சம் கேளுங்க. அரைவேக்காட்டுப் பன்றிக்கறியிலுள்ள புழுக்கட்டி வயிற்றுக்குள் போனால் நாடாப்புழுவாகும். 2 முதல் 7 மீட்டர் வரை வளர்ந்து குடலோடு கிடக்கும். மூளையில் கட்டி கட்டி வலிப்பைக் கொண்டுவருவது அந்தப் புழுவின் முட்டை. முட்டை வெளியே வரும் வழி மனித மலம். தின்றவர் கை கழுவாவிட்டால் தனக்கும் ஊட்டிக்கொள்வார், உங்களுக்கும் ஊட்டுவார். நாசூக்காகச் சொல்ல வழியில்லை: வலிப்பு வந்தவர் பன்றி தின்றிருக்க வேண்டியதில்லை, எவருடைய பீயையோ தின்றிருக்கிறார். நியூயார்க்கில் பன்றியைத் தொடாத ஆசார யூதக் குடும்பங்களில் நாலு பேருக்கு மூளையில் இந்தக் கட்டி இருந்ததை 1992-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆசாரம் நாக்கோடு சரி. புழு கைவழியே வந்தது.

2019 அக்டோபர் 2-ல் கிராம இந்தியாவில் வெளிக்குப் போகும் பழக்கமே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். விடிகாலையில் டப்பாவோடு கருவேலங்காட்டுக்குப் போகிறவர் அந்த அறிவிப்பைப் படிக்கவில்லை. பின்னாலேயே போகிற பன்றியும் படிக்கவில்லை. வீட்டுக் கக்கூசில் விறகு அடுக்கியிருக்கிறது. தெருமுனைக் கழிப்பிடத்தில் திறந்துவைத்தவர் பெயர் பளபளக்கிறது, கதவில் பூட்டு.

நம் ஊர்ப் பட்டாசு ஷெட்டில் மணிமருந்து அலசுகிறவனுக்கு வலிப்பு வந்தால் என்ன ஆகும்? உரசினாலே பற்றும் சரக்கு அது. வலிப்பை அவன் வெளியே சொல்லமாட்டான். சொன்னால் கூலி போகும், மகளுக்கு வந்த வரனும் போகும். "பன்னி தின்னவன்" என்ற பட்டம் மட்டும் மிஞ்சும். இத்தனைக்கும் இது சாபமில்லை. ஸ்கேனில் தெரியும், பெரும்பாலோருக்கு மாத்திரைக்குக் கேட்கும். இந்தப் புழு வேரூன்றிய பல பகுதிகளில் வலிப்புக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு இதுதான் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களெல்லாம் தின்ற கறியை எந்தத் தராசில் நிறுத்தீர்கள்?

உங்களிடம்தான் சாவிக்கொத்து இருக்கிறதே. வலிப்பு வந்தவன் கையில் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். கொத்திலே அந்தக் கழிப்பிடத்துச் சாவியும் கிடக்கிறதா, பாருங்கள்.