ஐஸ் ஹவுஸ்: உருகாத பெயர் குறித்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் கருதுகோள் எளிது: பொருள் எவ்வளவு சீக்கிரம் உருகுகிறதோ, அதன் பெயர் அவ்வளவு கெட்டியாக நிற்கும். ஆய்வுக் களம், மெரினாவைப் பார்த்தபடி நிற்கும் அந்த உருண்டை முகப்புக் கட்டடம்.

முதலில் பொருள். பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், உறைந்த ஏரிகளை அறுத்துப் பாளம் பாளமாக விற்றே செல்வந்தரானவர். 1833இல் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிய முதல் கப்பலில் ஏறியது சுமார் 180 டன். நான்கு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தது 100 டன் சொச்சம். அதையாவது காப்பாற்றியது மரத்தூள். சென்னைக்கும் அவருடைய ஐஸ் வந்தது. இங்கே அப்போது துறைமுகம் கிடையாது, கரைக்குச் சரக்கு வர மசூலாப் படகுதான் கதி. இறக்கிய ஐஸை வைக்க 1842இல் கடலோரமாகவே எழும்பிய கிடங்குதான் இந்த ஐஸ் ஹவுஸ். அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் வால்டன் குளத்திலும் டியூடரின் ஆட்கள் ஐஸ் அறுத்தார்கள். சென்னைவாசிகள் தன் கிணற்றில் குடிப்பதாகத் தோரோவே எழுதி வைத்திருக்கிறார். மெட்ரோ வாட்டருக்கு இந்தப் பெருமை இன்னும் வாய்க்கவில்லை.

பிறகு உள்ளூரிலேயே இயந்திர ஐஸ் வந்தது. டியூடர் கம்பெனி கரைந்தது.

கட்டடத்தை வாங்கியவர் வக்கீல் பிலிகிரி ஐயங்கார். வெயில் நுழையாதபடி கட்டிய கிடங்கில் குடித்தனம் நடத்துவதென்றால் சும்மாவா? வட்ட வராந்தாக்களும் ஜன்னல்களும் வைத்தார். நீதிபதி கெர்னன் நினைவாக ‘காசில் கெர்னன்’ என்று பெயரும் வைத்தார். ஜன்னல்கள் நிலைத்தன, பெயர் நிலைக்கவில்லை. உருகும் தன்மை துளியும் இல்லாதவர் நீதிபதி; ஆகவே நம் கருதுகோளுக்கு இது வலுவான சான்று.

1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கே ஒன்பது நாள் தங்கினார். ராமகிருஷ்ண மடத்தின் சென்னைப் பணியும் இங்கேதான் தொடங்கியது. பின்னர் அரசு வாங்கி, சகோதரி சுப்புலட்சுமியின் இளம் விதவையர் இல்லத்துக்கு இடமளித்தது. 1963இல், விவேகானந்தரின் பிறந்த நூற்றாண்டையொட்டி, ‘விவேகானந்தர் இல்லம்’ என்று பெயரிட்டது.

தெருவும் தப்பவில்லை. ஐஸ் ஹவுஸ் ரோடு டாக்டர் பெசன்ட் ரோடு ஆயிற்று. முன்னால் ஓடும் கடற்கரைச் சாலை காமராஜர் சாலை ஆயிற்று. துறவி, சீர்திருத்தவாதி, முதலமைச்சர் என மூவரும் சேர்ந்தும் ஷேர் ஆட்டோக்காரரை அசைக்க முடியவில்லை. ‘ஐஸ் ஹவுஸ் இறங்கு’ என்றுதான் இன்றும் குரல் கொடுக்கிறார்.

அவர் படிக்காதவர், பழக்கதோஷம் என்று ஆட்சேபம் எழலாம். சரி, அரசாங்கத்தையே சாட்சிக்கு அழைப்போம். கட்டடத்துக்கும் பெயர் மாற்றி, சாலைக்கும் பெயர் மாற்றிய அதே அரசின் காவல் துறை, அந்த வட்டாரத்து நிலையத்தின் பலகையில் எழுதி வைத்திருப்பது ‘ஐஸ் ஹவுஸ்’. பெசன்ட் ரோட்டில் செல்போனைப் பறிகொடுத்தவரும் அங்கேதான் போய்ப் புகார் எழுதித் தர வேண்டும்.