கொசுவுக்கு ரெக்கை பூட்டற சோலி

வா கண்ணு, வா. கதவை லேசாத் தூக்கிச் சாத்து, இல்லீன்னா சாத்தாது. உம் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, அந்த டப்பா உன்னைய நல்லா ஏச்சுப் போட்டதுன்னு. நேத்தே உங்கம்மா போன்ல சொன்னா: "அப்பா, ரண்டு நாளா அவனுக்குச் சோறு எறங்கலீங்க, ரூமுக்குள்ளயே கெடக்கறான்." ஏதோ பொண்ணு விசயமாட்ட இருக்குதுன்னு நானும் சந்தோசப்பட்டேன். கடைசீல பாத்தா பிளாஸ்டிக் ஏரோப்ளேனு.

கொண்டாந்தயா? இப்பிடி மேசை மேல வெய்யி. அடடா, டப்பா மேல படம் அமோகமா இருக்குது. மேகத்தப் பொளந்துக்கிட்டு வருது, பொறத்தால ஒருத்தன் பொகையாப் பத்திக்கிட்டு உளுகறான். சைட்டு விக்கறவன் நோட்டீசும் இப்பிடித்தான் கண்ணு. நீச்சல் குளம் போட்டிருப்பான், தென்னை மரம் போட்டிருப்பான், அங்க போய் நின்னா வேலிக்காத்தானும் ஒரு மொளக்கல்லும் இருக்கும். நீயும் மொளக்கல்லப் பாத்துட்டுத்தான் வந்திருக்கறே.

நேட்டு விமானமா? பேருக்கே கொசுவுன்னுதான் அர்த்தம்னு நீதானே போன தடவை சொன்னே. பெட்டர்ங்கற இங்கிலீசு இஞ்சினியரு கோடு போட்டது, 1955ல மொதல்ல பறந்தது. அவனுக ஊட்டுப் பட்டாளத்துல அதைப் பயிற்சி வண்டியாத்தான் வெச்சுக்கிட்டானுக. நாமதான் பெங்களூர்ல எச்ஏஎல்லுல வெச்சுக் கட்டிச் சண்டைக்கே உட்டோம். சரி, இத்துனூண்டு கொசுவையே உன்னால பூட்ட முடியல. நல்லவேளை, ஆனை வாங்காம இருந்தே.

டப்பாவுல எழுவத்திரண்டுல ஒண்ணுன்னு போட்டிருக்குதே, அதைக் கணக்குப் போட்டுப் பாத்தயா? 6 அடி ஆளு 1 அங்குலம் ஆயிருவான். நெசமான நேட்டுக்கு ரெக்கை நுனிக்கு நுனி 22 அடி 1 அங்குலம். உங்கையில இருக்கறது மூணே முக்கால் அங்குலத்துக்கு அரை நூல் கம்மி. நூல்னா என்னன்னு தெரியுமில்ல? ஒரு அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு. ஆசாரிப் பட்டறையில அதுதான் அளவு. இப்ப இந்த ரெக்கை ஒடம்போட சேர்ற எடத்துல ஒரு சந்து இருக்குதே, இதுவும் அரை நூல் இருக்கும். அதை 72ல பெருக்கு. நாலரை அங்குலம்! அந்தச் சந்துல கையை உட்டு பைலட்டு தொடையச் சொறிஞ்சுக்கலாம். இன்னும் கொஞ்சம் பெருசா உட்டிருந்தீன்னா டவுன் பஸ் மாதிரி கையத் தொங்கப் போட்டுக்கிட்டே பறந்திருப்பான்.

கோவிச்சுக்காதே. தப்பு முழுக்க உன்னுதுன்னு நான் சொல்லல.

உங்க சின்ன அப்புச்சி பீளமேட்டுல பவுண்டரியில இருந்தப்ப சொல்லுவாரு, அச்சு ரண்டு பாதியும் நேரா உக்காரலீன்னா வார்ப்படம் ஒரு பக்கம் தள்ளியே வரும்னு. பிளாஸ்டிக்குக்கும் அதே ஞாயந்தான். குருணை குருணையா இருக்கறதை உருக்கி, ரண்டு பாதி அச்சுக்கு நடுவுல அழுத்தி ஏத்தறான். ஆறுனா அது சுருங்கும். தடிப்பா இருக்கற எடம் எச்சாச் சுருங்கிக் குழி உளுகும். அவசரத்துல வெளிய எடுத்தா வளைஞ்சுக்கும். அச்சுத் தேஞ்சு போச்சுன்னா ஓரமெல்லாம் பிசிறு, அப்பளத்தை ஒடைச்ச மாதிரி. அதுலயும் ஒருசில கம்பெனிக்காரன் கொஞ்சூண்டுதான் விக்கப் போறோம்னு மெத்துனு இருக்கற அச்சுல ஓட்டுவான். அதுல துண்டுக்குத் துண்டு கோத்துக்கற முளைக்குச்சி கூட இருக்காது. இடது பாதி எங்க, வலது பாதி எங்கன்னு கண்ணு வெச்சுத்தான் சேக்கோணும். உன்னுது அந்தச் சாதி. தடவிப் பாத்தேன், முளையும் இல்ல, குழியும் இல்ல. விலையப் பாத்து ஒசத்தின்னு நெனச்சுட்டே.

இந்த ஒடம்பு ரண்டு பாதியும் ஒரே அச்சுல, ஒரே நாள்ல பொறந்ததுக. இருந்தும் சேராது. பங்காளிக! மூக்கச் சேத்தா வாலு விரியுது, வாலப் புடிச்சா வயிறு பொளக்குது. பங்காளிகள ஒரே நாள்ல ஒண்ணு சேக்க எந்தப் பஞ்சாயத்தும் போனதில்ல. நீ என்ன பண்ணுனே? மொதல் ராத்திரியே தலையில இருந்து வாலு வரைக்கும் பசையத் தடவி, வெறகுக்கட்டு மாதிரி ரப்பர் பேண்டு போட்டு நெரிச்சுட்டே. அது விடியறதுக்குள்ள ஒரு பக்கமா நழுவிப் போச்சு. கழுத்துக்கிட்ட ஒரு படி நிக்குது பாரு, நகத்த வெச்சா தடுக்குது.

பசை குப்பிய மோந்து பாத்தேன். இது எங்க காலத்து வச்சிரம் மாதிரி இல்ல. வச்சிரம்னா தப்பா ஒட்டுனாக்கூட சுடுதண்ணியத் தொட்டுத் தொட்டுக் கழட்டிப் போடலாம், மறுக்கா வேலை செய்யலாம். இது பிளாஸ்டிக்கயே கரைச்சு ரண்டையும் ஒண்ணாக்கிப் போடுது. ஒட்டுனது ஒட்டுனதுதான், எழுதிக் குடுத்த கிரயப் பத்திரம் மாதிரி. அப்பிடிப்பட்ட சாமானத்தக் கையில எடுக்கறதுக்கு முன்னால, பசையே இல்லாம எத்தன தடவை சேத்துப் பாத்தே? ஒருக்காவா? கதவு நிலவு மாட்டறப்ப நான் ஏழு தடவை தூக்கி வெச்சு எறக்குவேன். ஊட்டுக்காரன் "ஆசாரிக்கு நாள் கூலி, அதான் தூக்கி எறக்கறான்"ம்பான். அதுவும் பொய்யில்ல.

மறுக்கா வாங்கறப்ப எம்பேச்சக் கேளு. சேத்துப் புடிச்சு வெளிச்சத்துக்கு நேராக் காட்டு. ஒளி வர்ற எடம் சந்து, வராத எடம் முட்டு. சந்து எதனால வருதுன்னு நெனச்சே? பாதிக்கு மேல பக்கத்துல ஏதோ முட்டறதாலதான். அந்த முட்டத் தேடி அரத்துல ரண்டு இழுப்பு இழுத்தீன்னா அங்கிட்டுச் சந்து தானா மூடிக்கும். நீ சந்தயே பாத்துக்கிட்டு இருந்தே. காக்பிட்டுத் தொட்டி அகலமா இருக்கறதத் தொட்டயா? தொடல. அதுதான் உள்ள இருந்து ரண்டு பங்காளியயும் தள்ளிக்கிட்டு நிக்குது. குடும்பத்துல ஒரு பொம்பளை மேல பழி போடுவாங்க, இங்க தொட்டி.

அப்பறம் டப்பாவுல பூட்டற விதம் சொல்லி வந்த அந்தக் காயிதம். படம் 1, படம் 2னு கம்பெனிக்காரன் போட்ட வரிசையில நீ போயிருக்கறே. அவன் படம் வரைஞ்சவன் கண்ணு, பூட்டுனவன் இல்ல. காத்து உள்ள போற வாயி ரண்டு பக்கமும் தனித்தனியா இருக்குதே, அதை ஒடம்பு முழுசா ஒட்டுனதுக்கு அப்பறம் மாட்டச் சொல்லியிருக்கான். பாதியா இருக்கறப்பவே மாட்டியிருந்தா உள்பக்கத்துல இருந்து வெரல் குடுத்து நெரவியிருக்கலாம். இப்ப வெரல் எந்த வழியாப் போகும்? வாலு வழியாவா?

ரண்டு பாதியயும் ஒட்டறப்ப மூக்குல ஒண்ணரை அங்குலம், அன்னிக்கு அவ்வளவுதான். நல்லா அமுக்கிப் புடிச்சீன்னா கரைஞ்ச பிளாஸ்டிக்கு சேர்ற கோட்டுல மணி மணியா வெளிய பிதுங்கும், தூங்கற கொழந்தைக்குக் கடவாயில வடியற மாதிரி. அதைத் தொடைக்காதே! ஒரு நாள் உடு. காஞ்சதும் கத்தி முதுகுல சீவிப் போடு. அந்த எடத்துக்கு லப்பமே வேண்டாம். அது தன் சதையால தானே மூடிக்கிச்சு.

லப்பம்னதும் ஞாபகம் வருது, இதென்ன இப்பிடி அப்பியிருக்கறே? ராயிக்களி கிண்டறவ கூட இவ்வளவு தாராளமா இல்ல. இதுல இருக்கற தண்ணி மாதிரிச் சாமானம் ஆவியாப் போகப் போக இது சுருங்கும். நேத்து மேடா இருந்தது இன்னிக்குக் குழி. குழிய ரொப்பத் திலும்ப ஒரு கை. அதை ஒரசறேன்னு உப்புத்தாள எடுத்து, சந்தோட சேத்து அக்கம்பக்கத்துல இருந்த தகட்டுக் கோடெல்லாம் அழிச்சுப் போட்டே. அந்தக் கோடெல்லாம் அவன் மெனக்கெட்டு வரைஞ்சது. ஒரு பக்கம் கோடு இருக்குது, ஒரு பக்கம் மழமழன்னு இருக்குது, பாதித் தாடி செரைச்சவன் மாதிரி. டேப்ப ஒட்டி, ஊசியப் புடிச்சு மொள்ள இழுத்துத் திரும்பக் கோடு போடு. அழுத்தாதே. பத்துத் தடவை சும்மாத் தடவுனாலே கோடு உளுகும். ஒருக்கா அழுத்துனா ஊசி வயக்காட்டுப் பக்கம் ஓடிப்போயிரும்.

ரெக்கைச் சந்துக்கு நான் சொல்லட்டுமா? தேக்குக் கதவுல வெடிப்பு உட்டா நாங்க தேக்குத் தூளத்தான் குழைச்சு அடைப்போம். வேம்புத் தூளப் போட்டா கலர் காட்டிக் குடுத்துரும், இழுத்துக்கிட்டும் போயிரும். துண்டு வெட்டுனதுக்கு அப்பறம் மிச்சம் சட்டம் சட்டமாக் கெடக்குதே, முருங்கைக் காம்பாட்டம், அதை நீ குப்பையில போட்டிருப்பே. பொறுக்கீட்டு வா. பொடிப்பொடியா நறுக்கி, பசை கால்வாசி இருக்கற குப்பியில ஊறப் போடு. ஒரு ராத்திரி போனா கூழாயிரும். அது அந்தப் பிளாஸ்டிக்கே. சந்துல ஒரு குச்சியால வெச்சு நாலஞ்சு நாள் பக்கத்துலயே போகாதே. காஞ்சு எறுகுனா ஒரசறப்ப இதுவும் ரெக்கையும் ஒரே பதத்துல தேயும். லப்பம் மெத்துனு இருக்கும், பிளாஸ்டிக் கட்டியா இருக்கும், ரண்டையும் ஒரே தாளுல தேச்சா மெத்துனு இருக்கறதுதான் பள்ளமாகும்.

அந்தக் கூழு வெக்கறதுக்கு முன்னாலயும் ஒண்ணு இருக்குது. ஒடம்புக்குள்ள சட்டத்துண்டுல ஒரு முட்டுக் குடுத்தீன்னா வயிறு மசுரத்தனை அகலும், ரெக்கை வேருக்கு இன்னும் கிட்ட வரும். ஆனா நீதான் வயித்த மூடிட்டயே. ஆப்பரேசன் பண்ணி உள்ள கத்திரிய மறந்தவன் கதையாப் போச்சு. சரி, ரண்டு ரெக்கைக்கும் அடியில சரியான ஒசரத்துல புஸ்தகம் வெச்சு, மூக்குல இருந்து ஒரு கண்ண மூடிப் பாரு. ஒரு ரெக்கை ஏறி ஒண்ணு எறங்குச்சுன்னா ஒலகத்துல எந்தப் பெயிண்டும் அதை மறைக்காது.

என்ன கலரு அடிக்கப் போறே? சில்வரா! ஏஞ்சாமி, உனக்கு எதிரி வெளிய இல்ல. பச்சை, பழுப்புன்னா நாலு தப்ப உள்ளயே வெச்சுக்கும். சில்வரு நம்ம தெருமுக்கு டீக்கடை மாதிரி, ஒரு கீறல உட்டாலும் ஊருக்கே சொல்லிப்போடும். மொதல்ல சாம்பக் கலர்ல பிரைமர் ஒரு கை அடி. அதுல தெரியற சந்து, கீறல் எல்லாத்தயும் தண்ணி பேப்பர்ல 600, 1000, 2000னு ஏறி ஏறித் தேய். மறுக்கா அடி. மறுக்கா தேய். சில்வரு கடைசீல.

வாலுல என்ன நம்பர் ஒட்டப் போறே? பதினெட்டாவது ஸ்குவாட்ரனா? ... சித்தெ இரு.

அது செகோன்ங்கற பைலட்டு இருந்த படை. 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகரு. எதிரியோட ஆறு சேபர் விமானம் வந்து ஓடுதளத்து மேல குண்டு போட்டுக்கிட்டு இருக்கறப்பவே, இந்தக் கொசுவ எடுத்துக்கிட்டு மேல ஏறுனான் அந்தப் பையன். எறங்கி வரல. விமானப்படையில பரம்வீர் சக்ரா வாங்குனது இன்னிக்கு வரைக்கும் அவன் ஒருத்தன்தான். அதே பதினெட்டாவது படைய 2020 மே மாசம் நம்ம சூலூர்லதான் தேஜஸக் குடுத்து மறுக்கா ஆரம்பிச்சாங்க. நம்ம ஓடு அதிர்ற மாதிரி இரைஞ்சுக்கிட்டுப் போகுமே, எருமை கூடக் கவுத்த இழுக்குமே, அதேதான். நெசமாவே அந்த நம்பரத்தான் ஒட்டறதுன்னா கழுத்துல இருக்கற அந்தப் படிய மொதல்ல ஒரசிப் போடு. நான் கேலி பேசல இப்ப.

சரி, மூக்குல ஈயம் வெச்சயா? வெக்கலியா! மூணு சக்கரத்துல நிக்கோணும்னா மூக்கு கனமா இருக்கோணும். இல்லீன்னா மேசையில வெச்ச ஒடனே மூக்கத் தூக்கிக்கிட்டு வாலுல குந்திக்கும், பந்தியில எலை கெடைக்காத சம்பந்தி மாதிரி. மேல கண்ணாடி மூடி இன்னும் ஒட்டல இல்ல? அப்பத் தப்பிச்சே. நம்ம கொளத்துக்குப் போற தூண்டிக்காரனுககிட்ட ஈயக்குண்டு ரண்டு வாங்கி, நசுக்கி, சீட்டுக்கு முன்னால இண்டுல குச்சியால தள்ளி ஒட்டிப்போடு. எவ்வளவு வேணும்ங்கறத மொதல்ல மூக்கு மேல வெளிய வெச்சு நிறுத்திப் பாத்துட்டுத் தள்ளு. எல்லாத்தயும் உள்ள போட்டுட்டு அப்பறம் பாக்கறது உம் பழக்கம், அதுக்கோசரம் சொல்றேன்.

கண்ணாடி மூடிக்கு அந்த ஒடனடிப் பசையக் கிட்டயே கொண்டு போகாதே. அதோட ஆவி பட்டா கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாப் பூத்துப்போயிரும், கேட்டராக்ட் வந்த என் எடது கண்ணு மாதிரி. எனக்காவது சங்கராந்திக்கு அப்பறம் ஆப்பரேசன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு யார் பண்ணுவா? இங்க வா, இந்த வெள்ளை டப்பா தெரியுதா? பெவிகால். பல்லுக்குத்தற குச்சி நுனியில தொட்டு ஓரத்துல வெய்யி. காஞ்சா கண்ணாடியாட்டம் தெளிஞ்சுக்கும், பிதுங்குனத ஈரத்துணியில தொடைச்சுக்கலாம். ஆயிரத்தெட்டுச் சீமைக் குப்பி வாங்கி வெச்சிருக்கறே, கடைசீல எங்க பட்டறைப் பசைதான் வேண்டியிருக்குது பாத்தயா.

கொண்டா இங்க, அந்தப் படிய நானே ரண்டு இழுப்பு இழுத்துத் தர்றேன். அரம் வேண்டாம், அந்தச் சின்ன உளியக் குடு... ம். கண்ணு தெரியலீன்னாலும் வெரலுக்குத் தெரியுது. தொட்டுப் பாரு. தடுக்குதா? இப்ப? சரி, மிச்சம் நீ.

ஞாயித்துக்கெளமை வாரப்ப ரெக்கை ஒட்டிக் கொண்டா, பாத்துட்டு இன்னும் நாலு பேச்சு பேசறேன். கெளம்பு, இருட்டுது. கதவத் தூக்கிச் சாத்து... இல்ல, அப்பிடியில்ல, கால்ல ஒரு ஒதை குடுத்துக்கிட்டே தூக்கோணும். என்ன சிரிப்பு? ஆமா, நாந்தான் செஞ்சேன், உங்கம்மா பொறந்த வருசம். அது மரம் மழைக்கு ஊதறது. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?