உட்கார வைத்த வல்லமை

வாட்ஸ்அப் குழுவே, உன் அருமை எங்கள் ஊர் கருவேப்பிலங்குறிச்சிக்குத் தெரியும். சேவல் கூவி எழுந்த காலத்தில் பெரியவர்கள் வெள்ளாற்றுப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவார்கள். அந்தச் சிரமத்தை நீ ஒழித்தாய். படுக்கையிலேயே 'நடைப்பயிற்சியின் நன்மைகள்' வந்துவிடுகிறது. படித்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. அப்புறம் எங்கே நடக்க?

உறவைக் கட்டிக் காப்பதிலும் உனக்கு நிகரில்லை. சென்னையில் வேலை பார்க்கும் பையன் காலையில் ஓடிய தூரத்தைப் படம் பிடித்துப் போட்டால், இங்கே திண்ணையில் சாய்ந்திருக்கும் மாமா, பெரியப்பா, சித்தப்பா அத்தனை பேர் கட்டைவிரலும் உயர்கிறது. ஓடியவன் ஒருவன், பெருமை குடும்பத்துக்கே.

நண்பர் ஓடினால் நாமும் ஓடுவோம் என்பது பொய்யில்லை. ஆய்வாளர்கள் சினான் அரலும் கிறிஸ்டோஸ் நிகோலைடிஸும் சுமார் 11 லட்சம் ஓட்டக்காரர்களின் ஐந்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் எழுதினார்கள்: நண்பர் கூடுதலாக 1 கி.மீ. ஓடினால், அதே நாளில் மற்றவரும் ஏறக்குறைய 300 மீட்டர் கூடுதலாக ஓடுகிறார். அந்த ஓட்டக்காரர்கள் ஏற்கெனவே ஷூ மாட்டியவர்கள். எங்கள் ஊரில் நீ சாதித்தது அதைவிடப் பெரிது. உட்கார்ந்தவரைக் காட்டியே மற்றவரையும் உட்கார வைத்தாய். சாயங்காலம் சடுகுடு களத்துக்கு வந்து பார். கோடு கிழித்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. வேப்பமரத்தடியில் பையன்கள் ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து, கபடி ரீல்ஸ் பார்க்கிறார்கள். ஒரு சண்டையில்லை, முட்டியில் ஒரு சிராய்ப்பில்லை.

இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாத வயதுவந்தோர் 2000இல் சுமார் 22 சதவீதம், 2022இல் ஏறத்தாழ 50 சதவீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பைக்குக்கும் டிவிக்கும் நாற்காலி வேலைக்கும் இதில் பங்குண்டு. முழுப் புகழையும் உனக்கே கொடுத்துவிட முடியாது.

விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்குப் போகும் அக்காக்களிடம் மட்டும் பகலில் உன் ஜம்பம் பலிக்கவில்லை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளைப் பலகையில் அடுக்கி, காய வைக்கத் தூக்கிக்கொண்டு போய் வருகிறார்கள். கை முழுக்கக் களிமண், உன்னைத் தொட முடியாது. அவர்கள் வைத்த அடிகளை நீ எண்ணியதில்லை, ஒரு லைக் வாங்கித் தந்ததுமில்லை. ஆனால் கரிசனத்தில் நீ குறை வைப்பவனா? 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காகச் சூட்டிய பெயரிலிருந்து பரவிய இலக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, ராத்திரி அவர்கள் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்ததும் வந்து கேட்கிறாய்: "இன்று பத்தாயிரம் அடி நடந்தீர்களா?"