ஆர்.வி. கூரைக்கு எத்தனை வாட்?

கேள்வி: 300 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்கியாகிவிட்டது. அதன் வயிறு நிறைய எத்தனை வாட் சோலார் பேனல் மாட்ட வேண்டும்?

பதில்: கணக்கு பேட்டரியில் தொடங்குவதில்லை, வண்டிக்குள் ஒரு நாளில் செலவாகும் மின்சாரத்தில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், குவார்ட்ஸைட் ஊரைச் சுற்றியுள்ள பாலைவெளியில், குளிர்காலம் முழுவதும் மின் இணைப்பின்றித் தங்கும் ஆர்.வி. என்னும் வீட்டு வண்டிகளுள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நாளொன்றுக்கு 600 வாட்-மணியும், கேஸ் ஹீட்டரின் காற்றாடி இரவில் ஐந்து மணி நேரம் ஓடி 450-உம், லேப்டாப் 300-உம், விளக்கும் தண்ணீர் மோட்டாரும் கைப்பேசியும் சேர்ந்து 150-உம் எடுத்தால் மொத்தச் செலவு 1,500 வாட்-மணி ஆகும். நாள் முழுவதும் ஏறி இறங்கும் வெயிலை, சதுர மீட்டருக்கு 1,000 வாட் வீதம் விழும் முழு வெயிலாகச் சுருக்கிச் சொல்லும் அளவுக்கு உச்சவெயில் மணி என்று பெயர். கூரையில் படுக்கையாகப் பொருத்திய பேனலுக்கு அப்பகுதியில் டிசம்பரில் கிடைப்பது ஏறத்தாழ 3 மணிதான். வயர், சார்ஜ் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர், தூசி ஆகியவற்றால் கால் பங்கு வீணாகும் என்று கொண்டு 1,500-ஐ 3-ஆலும், பின்னர் 0.75-ஆலும் வகுத்தால் 667 வாட் வருகிறது. லித்தியம் பேட்டரி 300 ஆனாலும் 600 ஆனாலும் இந்த எண் மாறாது. மேகமூட்டமான எத்தனை நாட்களைத் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதே பேட்டரியின் அளவைத் தீர்மானிக்கிறது. வரவுக்கு மேல் செலவு செய்யும் வீட்டில் பணப்பெட்டி பெரிதாக இருந்து பயனில்லை.

கேள்வி: பேனலின் முதுகில் 400 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. டிசம்பர் நண்பகலில் கன்ட்ரோலரோ 210-ஐத் தாண்ட மறுக்கிறது. மீதியை யார் தின்றது?

பதில்: பெரும்பகுதியைத் தின்றது கோணம். குவார்ட்ஸைட் ஏறத்தாழ 33.7 பாகை வடக்கில் இருப்பதால், டிசம்பர் 21 அன்று நண்பகல் சூரியன் தொடுவானுக்கு மேல் 33 பாகை உயரத்தில்தான் நிற்கும். அந்தச் சாய்ந்த கதிர் படுக்கைப் பேனலின் மீது பரவி விழும்போது நேர்க்குத்தாக விழுவதில் 54 விழுக்காடே பயன்படுகிறது. 400-இல் 54 விழுக்காடு 216 என்பதால் கருவி பொய் சொல்லவில்லை. பேனலின் வடக்கு விளிம்பைத் தூக்கி, முகத்தைத் தெற்கு நோக்கிச் சாய்த்தால் டிசம்பரின் 3 உச்சவெயில் மணி ஏறத்தாழ 5 ஆகும். 667 வாட் கேட்ட அதே செலவுக்கு 400 வாட் போதும். கூரையில் இடம் குறைந்த வண்டிக்கு இதைவிட மலிவான விரிவாக்கம் கிடையாது. கோடையில் சூரியன் தலைக்கு மேல் வந்துவிடுவதால் சாய்க்கத் தேவையில்லை. ஆனால் வாட் அளவு 25 டிகிரி செல்சியஸில் சோதித்து எழுதப்பட்டது என்பதால், பேனல் 60 டிகிரிக்குச் சூடேறும்போது எட்டில் ஒரு பங்கு குறைவதை எதிர்பார்க்கலாம்.

கேள்வி: டிவி ஆன்டெனாவின் நிழல் ஒரு மூலையில் மட்டும் விழுகிறது. அவ்வளவு சிறிய நிழலுக்குமா பயப்பட வேண்டும்?

பதில்: வேண்டும். பேனலிலுள்ள சிறு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைந்திருப்பதால், நிழல் பட்ட ஒரு செல் தன் வரிசை முழுவதன் மின்னோட்டத்தையும் மறித்துவிடும். அந்த வரிசையைச் சுற்றிக் கடக்க உதவும் டயோடு மற்ற வரிசைகளைக் காப்பாற்றுமே தவிர, பேனலில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ அந்த நேரத்துக்குப் போனது போனதுதான்.

கேள்வி: கூரை ஏசியையும் இதிலேயே ஓட்டிவிடலாமா?

பதில்: அது ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் ஏறத்தாழ 1,500 வாட்-மணி, அதாவது மேற்சொன்ன வண்டியின் ஒரு நாள் செலவு முழுவதும் தீர்ந்துவிடும். அதற்கு ஜெனரேட்டரோ மின் இணைப்புள்ள முகாமோதான் தகும்.

கேள்வி: உறைபனி இரவுக்குப் பின் பளிச்சென்று வெயில் அடித்தும் லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏற மறுப்பது ஏன்?

பதில்: செல்லின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்தால், உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும் என்பதால், அதனுள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று சார்ஜைத் தானே துண்டிக்கிறது. ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற மலையூர்களில் குளிர்காலம் கழிப்பவர்கள் பேட்டரியை வெளிப்பெட்டியில் வைக்காமல் வண்டிக்குள், ஹீட்டரின் சூடு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும்.