கூட யாரும்மா? தனித்து வாழும் பெண்களுக்கான கையேடு

சென்னையில் தனியாக வாழ முடிவெடுத்த பெண் முதலில் ஓர் அண்ணனைத் தேடிக்கொள்ள வேண்டும். சொந்த அண்ணன்தான் என்றில்லை. உங்கள் சம்பளச் சான்றிதழை வீட்டுக்காரர் கண்ணாடி போடாமலே திருப்பித் தந்துவிடுவார். மூன்று வருடமாக வேலை தேடிக்கொண்டிருக்கும் அண்ணன் வாசலில் நின்று "சார், தங்கச்சி ரொம்ப அமைதி" என்றால் சாவி கைக்கு வரும். 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று பலகை தொங்கினால் திரும்பிவிடாதீர்கள். அம்மாவை ஒரு வாரம் வரவழைத்து வாசலில் கோலம் போடச் சொல்லுங்கள், நீங்களும் ஃபேமிலிதான்.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் பேசலாம். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர, என்றும் அதுவே சொல்கிறது. எழுதிக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் எழுதாத நிபந்தனை ஒன்றும் உண்டு: ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கேட் பூட்டப்படும். மாடியில் குடியிருக்கும் பையனிடம் தனிச் சாவி இருப்பதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து அத்தை. "எப்ப கல்யாணச் சாப்பாடு போடப் போறே?" என்ற அவருடைய பசி எந்த ஓட்டலுக்குக் கூட்டிப்போனாலும் தீராது. செவ்வாய் தோஷம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அதே தோஷமுள்ள பையனின் ஜாதகம் அவர் வாட்ஸ்அப்பில் தயாராக இருக்கும். "ஒரு தடவை திருமணஞ்சேரி போயிட்டு வாடி" என்பார். தாராளமாகப் போங்கள். செம்பியன் மாதேவி எழுப்பிய கோயில் என்பார்கள். கணவர் கண்டராதித்தர் மறைந்தபின் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, சோழநாட்டின் செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளியாக்கிக்கொண்டிருந்த அரசி. கல்யாணம் ஆக வேண்டி நாம் வரிசையில் நிற்பது அவர் வாசலில். இதை அத்தையிடம் விளக்க வேண்டியதில்லை, அவருக்குக் கோயில் மாலை வந்து சேர்ந்தால் போதும்.

வாசிக்க விரும்புகிறவர்களுக்கு: வோக் பத்திரிகையில் வேலை பார்த்த மார்ஜரி ஹில்லிஸ், தனியாக வாழ்வதை ரசிப்பது எப்படி என்று 1936இல் நியூயார்க்கிலிருந்து ஒரு புத்தகம் எழுதினார். அமோகமாக விற்றது. 1939இல் அவருக்குக் கல்யாணம். அத்தை கண்ணில் இந்தப் புத்தகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பு சரியில்லாமல் போவதைக் கூடியவரை தவிர்க்கவும். ஆஸ்பத்திரியில் என்ன நோய் என்பதற்கு முன்பே "கூட யாரும்மா வந்திருக்கா?" என்பார்கள். வயதுவந்த, நினைவோடு இருக்கிற நோயாளியின் கையெழுத்தே ஆபரேஷனுக்குச் செல்லும். ஆனால் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓட ஓர் அட்டெண்டர் இல்லாவிட்டால் அந்த வார்டே உங்களைப் பார்த்து வருத்தப்படும். ஆகவே, தனியாக வாழும் இன்னொரு பெண்ணோடு இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: உன் பித்தப்பைக்கு நான், என் கர்ப்பப்பைக்கு நீ. படிவத்தில் உறவுமுறை என்ற கட்டத்தில் 'அக்கா' என்று எழுதலாம், யாரும் சாட்சி கேட்க மாட்டார்கள். இந்தக் கையேட்டில் விளையாட்டில்லாத பகுதி இது ஒன்றுதான்.

காதல் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. "உனக்கு எல்லாச் சுதந்திரமும் கொடுப்பேன்" என்று ஒருவர் சொன்னால், அந்தச் சரக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். "எங்கம்மாவுக்கு உன்னைப் பிடிச்சிருக்கு" என்றால், அம்மாவோடு மட்டும் பழகிப் பாருங்கள். நல்ல சிநேகிதி கிடைக்கலாம்.

இரண்டையும் சொல்லாத ஒருவர் அகப்பட்டு, சாதி மதம் பார்க்காமல் கட்டிக்கொள்வதென்று முடிவானால், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. பதிவாளர் அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு 30 நாள் காத்திருக்கச் சொல்வார்கள். ஊரே வந்து படிக்கலாம். நடுவில் மனம் மாறினால் பதற வேண்டாம், யாருக்கும் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் நோட்டீஸ் தானே காலாவதியாகிவிடும்.