பேராண்டி ஜெனீவா போறான்

வாடா பேராண்டி, உக்காரு. விசா வந்துருச்சாம்ல. உங்க அப்பத்தா தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துட்டா. சர்வதேசப் பொருளாதாரம்னு சொல்ல வாயில நுழையாம, "எம் பேரன் ஒலகத்துக் கணக்கெல்லாம் பாக்கப் போறான்"னு சொல்லியிருக்கா. அதைக் கேட்டு மேலத்தெருக்காரன் ஒருத்தன், "அப்படியே நம்ம சொசைட்டிக் கணக்கையும் பாத்துட்டுப் போகச் சொல்லுங்க"ன்னானாம். நீ ஜெனீவாவுக்கே போயிரு ராசா. அது சுலபம்.

ரெண்டு மாசமா மொட்டமாடியில நடந்துக்கிட்டே சத்தம் போட்டுப் படிச்சே. உன் மண்டையில எவ்வளவு ஏறுச்சோ தெரியாது, பாதி ஒழுகி கீழ கயித்துக்கட்டில்ல கெடந்த எங் காதுல விழுந்துச்சு. ஆக, ஃபீஸ் கட்டாம அரைப் பட்டம் வாங்குனவன் நான். அந்த மரியாதைக்காவது கேளு.

காலேஜுக்கு ஒரு கடுதாசி எழுதுனியே, "சிறு வயது முதலே உலக வணிகத்தின் மீது எனக்குத் தீராத ஆர்வம்"னு. சிறு வயசுல உனக்கிருந்த ஒரே ஆர்வம் எம் பச்சை பெல்ட்டுல இருந்த சில்லறை மேலதான்டா. அது பெட்டிக்கடை தேன்மிட்டாய்க்குப் போச்சு. அதுவும் வணிகம்தான், போகட்டும்.

போற எடமும் லேசுப்பட்ட எடமில்ல. 1927-ல ஆரம்பிச்ச படிப்பு நிறுவனமாம். அதைத் தொடங்குனவங்கள்ல ஒருத்தர் வில்லியம் ராப்பார். அவர் பேரை வச்ச கட்டடத்துலதான், ஏரிக்கரையில, உலக வர்த்தக அமைப்பு உக்காந்திருக்காம். ஏரிக்கரைன்னதும் நம்ம மடைத்தண்ணிப் பஞ்சாயத்து மாதிரின்னு நெனச்சேன். அதேதானாம்! ஆனா மேல்முறையீடு கேக்க ஆள் போட அமெரிக்கா விடாததால, 2019 டிசம்பர்லருந்து அந்த மேல்முறையீட்டுத் திண்ணை வேலை செய்யலையாம். நம்மூர்ல நாட்டாமை போயிட்டா, கருமாதி முடியறதுக்குள்ள அடிச்சுக்கிட்டாவது இன்னொருத்தரை உக்கார வச்சுருவோம். போனதும் அவங்களுக்கு இதைச் சொல்லு.

சுவிட்சர்லாந்துக்கு நம்ம வீட்டுலருந்து மொத மொத போறது நீதான்னு நெனச்சுக்காதே. 1991-ல நம்ம நாட்டு அன்னியச் செலாவணி ரெண்டு மூணு வாரத்து இறக்குமதிக்குத்தான் காணும்னு ஆனப்ப, 20 டன் தங்கம் அந்த நாட்டு பேங்குக்குப் போச்சு. அடுத்து ஜூலையில ஒரு 47 டன் லண்டனுக்கு. புத்தகத்துல அதுக்கு 'அயல்நாட்டுச் செலுத்துநிலை நெருக்கடி'ன்னு பேரு. வெதை வெங்காயம் வாங்கக் காசில்லாம உங்க அப்பத்தா கம்மல் எத்தனை தடவை அந்த நெருக்கடிக்கு ஆளாகியிருக்குன்னு அவளையே கேளு. மெதுவாக் கேளு. சிலது இன்னும் மீட்கலை.

உங்க சாஸ்திரத்துல எனக்குப் பிடிச்ச ஆளு ரிக்கார்டோ. பதினாலு வயசுல அப்பனோட பங்குச் சந்தை வேலைக்குப் போனவராம். காலேஜ் வாசல் மிதிக்கல. நானும் அதே வயசுல ஏலத்துக்குப் பெட்டி தூக்கப் போனவன்தான். அவர் 1817-ல ஒரு கணக்குப் போட்டார். குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்துக்கு 100 ஆளு, ஒயினுக்கு 120. போர்ச்சுகல்லுக்குத் துணிக்கு 90, ஒயினுக்கு 80. ரெண்டுலயும் போர்ச்சுகல்காரன்தான் கெட்டி. ஆனாலும் அவன் ஒயினை மட்டும் பாத்துக்கிட்டு, துணியை இங்கிலீஷ்காரன்கிட்ட வாங்குனா ரெண்டு பேருக்கும் லாபம்.

இதுக்கு நீ நாலு நாள் மண்டையை ஒடைச்சுக்கிட்டே. என் வீட்டுல நாப்பது வருஷமா நடக்குது. தக்காளி தரம் பிரிக்கிறதுல உங்க அப்பத்தா என்னைவிடக் கொஞ்சம் வெரசு. மண்டியில பேரம் பேசுறதுலயோ அவளுக்குப் பக்கத்துல நிக்க ஆளில்ல. அதனால அவ மண்டிக்குப் போனா, நான் களத்து மேட்டுல உக்காந்து பழத்தை உருட்டிக்கிட்டிருந்தேன். ஊரு என்னைப் பொண்டாட்டிதாசன்னுச்சு. நீ படிச்ச பெறகுதான் தெரியுது, எனக்கு இருந்தது ஒப்பீட்டு அனுகூலம்.

அதிகமா வெளையவச்சே ஒரு நாடு ஏழையாகலாம்னு ஜகதீஷ் பகவதி 1958-ல எழுதுனதையும் கேட்டேன். சரக்கு கூடக் கூட வெல சரிஞ்சு, முன்னால இருந்ததைவிட மோசமாப் போயிருமாம். அப்படி ஒரு நல்ல வெளைச்சல் வருஷம், ஒட்டன்சத்திரம் மண்டியில முப்பது பெட்டி எறக்குனேன். கேரளாக்கார யாவாரி ஒரு பழத்தை அமுக்கிப் பாத்துட்டு அடுத்த குவியலுக்குப் போயிட்டான். வண்டி வாடகை, எறக்கு கூலி, கமிஷன் எல்லாம் கழிச்சு கடைக்காரர் தந்த சீட்டுல கடைசி வரி என்ன தெரியுமா? நான் அவருக்கு 40 ரூபாய் தரணும். பகவதி அதுக்குப் பேரு வச்சாரு. சீட்டு எங்கிட்ட இருக்கு, டிரங்குப் பெட்டியில.

இதெல்லாம் சரி. ஒண்ணுதான் எனக்குச் செரிக்கல. 1939-ல கால்டோர், ஹிக்ஸ்னு ரெண்டு பேரு சொன்னதா நீ படிச்சியே. ஒரு மாத்தத்துல லாபம் பாத்தவன், நட்டப்பட்டவனுக்கு ஈடு குடுத்த பெறகும் கையில மிச்சம் நிக்கும்னா, அந்த மாத்தம் நல்ல மாத்தம். நானும் எந்திரிச்சு உக்காந்துட்டேன், நாயமாப் பேசுறாங்களேன்னு. அடுத்த வரி படிச்சே பாரு: குடுக்கணும்னு இல்ல, குடுக்க முடிஞ்சாப் போதும். அடேய், கமிஷன் கடைக்காரருக்கு நான் கட்ட வேண்டிய கடனும் என்னால கட்ட முடியும்தான். முடியும்ங்கிறதை வச்சுக்கிட்டு நோட்டுல அடிச்சுருங்கன்னு சொன்னா விடுவாரா?

பாமாயில் கப்பல்ல வந்துச்சு. மலிவுதான், நெசம். ரேசன்ல நானும் வாங்குனேன், வடை நல்லாத்தான் வந்துச்சு. வாங்குனவனுக்கெல்லாம் லாபம். பக்கத்தூருல கடலை ஆட்டுன மில்லு இருந்துச்சே, அதுல இப்ப சிமெண்டு மூட்டை அடுக்கியிருக்கு. அந்த மில்லுக்காரர் வீட்டு வாசல்ல, "லாபம் பாத்தோம், இந்தாங்க உங்க பங்கு"ன்னு யாரும் வந்து நின்னதா நான் கேள்விப்படல.

நீ சொன்னே, "இல்ல தாத்தா, அமெரிக்காவுல அதுக்குச் சட்டமே இருக்கு"ன்னு. இறக்குமதியால வேலை போனவங்களுக்குப் பயிற்சியும் பணமும் குடுக்க, 1962-லயே கென்னடி காலத்துல போட்டதுன்னே. உன் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் நீயே செல்லைத் தடவிப் பாத்துட்டு, காலக்கெடு முடிஞ்சு 2022 ஜூலையோட புது மனுவுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்றதை நிறுத்திட்டாங்கன்னு மெல்லச் சொன்னியே, அந்த மொகத்தை நான் பாத்தேன். அந்த மொகத்தோடயே போ. பெரிய வாத்தியாருங்க கிட்டக் கேளு, லாபம் பாத்தவன் ஒழுங்காக் குடுத்த ஊரு எங்கயாவது இருக்கான்னு.

இருந்துச்சுன்னா போன் பண்ணு. இங்க நடுராத்திரியா இருந்தாலும் பரவால்ல. பெட்டி ஏத்துற நாள்ல நான் தூங்குறதில்ல.